சம்பளமும் ஜைரோவும் ஒரே நாளில் வந்தால்

சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்திருக்கும் தம்பி கேட்டிருப்பது இதுதான்: சம்பளம் 28ஆம் தேதி. கைப்பேசிக் கட்டணமும் காப்புறுதிச் சந்தாவும் ஜைரோவில், அதாவது நிறுவனமே நம் வங்கிக் கணக்கிலிருந்து தானாக எடுத்துக்கொள்ளும் முறையில், கழிவது அதே 28. வீட்டு வாடகையை மாதாமாதம் வங்கியே அனுப்பும்படி போட்டிருக்கும் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷனும் அன்றைக்குத்தான். போன மாதம் சம்பளம் வந்து விழுவதற்கு முன்பே ஜைரோ வந்து கணக்கைத் தட்டிவிட்டது. காசு இல்லை, இரண்டு திரும்பிப் போய்விட்டன. "பேசாமல் ஜைரோவை ரத்து செய்துவிட்டு மாதாமாதம் நானே கட்டிவிடட்டுமா?" என்கிறீர்கள்.

வேண்டாம். நானே கட்டுகிறேன் என்று கிளம்பியவர்கள் எல்லாரும் இரண்டு மாதம் ஒழுங்காகக் கட்டுவார்கள், மூன்றாம் மாதம் ஓவர்டைம், நான்காம் மாதம் ஊருக்குப் போயிருப்பார்கள். ஜைரோ இருக்கட்டும். கோளாறு தேதியில்தான், அதைச் சரிசெய்வது கஷ்டமில்லை.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கைப்பேசி எண்ணுக்கே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பினால் பணம் அந்த நொடியே போய்ச் சேருகிறது, ஞாயிறு நள்ளிரவானாலும் சரி. ஜைரோ அப்படியில்லை. வங்கிகளுக்கு இடையே மொத்தமாக, தொகுதி தொகுதியாகப் போகிற கணக்கு அது. வேலை நாட்களில் மட்டும்தான் நடக்கும். நிறையக் கம்பெனிகள் சம்பளத்தையும் ஜைரோ வழியாகத்தான் போடுகின்றன. ஆக, ஒரே நாளில் ஒரு தொகுதி உங்கள் கணக்குக்குள் வருகிறது, இன்னொன்று வெளியே எடுக்கிறது. எது முந்தும் என்று யாரும் உங்களுக்கு உத்தரவாதம் தரவில்லை. பத்து மாதம் சம்பளம் முந்தியிருக்கும், பதினோராவது மாதம் கம்பெனிக் கணக்காளர் கோப்பைத் தாமதமாக ஏற்றியிருப்பார். அன்றைக்குத்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

28 ஞாயிற்றுக்கிழமையில் விழுந்தால் இன்னொரு கூத்து. நல்ல கம்பெனி வெள்ளிக்கிழமையே போட்டுவிடும். சில கம்பெனி திங்களுக்குத் தள்ளும். ஜைரோ எப்படியும் அடுத்த வேலை நாளுக்குப் போகும். திங்களுக்குத் தள்ளுகிற கம்பெனி என்றால் மறுபடியும் இரண்டும் ஒரே நாள்.

சரி, இப்போது என்ன செய்வது? ஒரு தாளில் உங்கள் கணக்கிலிருந்து தானாகப் போகும் ஒவ்வொன்றையும் தேதியோடு எழுதுங்கள். பக்கத்தில், இந்தத் தேதியை நான் மாற்ற முடியுமா, முடியாதா என்று மட்டும் குறியுங்கள்.

வாடகையை நீங்களே மாற்றலாம். அந்த உத்தரவை வங்கிச் செயலியில் போட்டது நீங்கள்தானே. ஆனால் அதற்கு முன் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, எந்தத் தேதிக்குள் தரவேண்டும் என்று பாருங்கள். பெரும்பாலும் ஒப்பந்தம் தொடங்கிய தேதிதான் மாதாமாதம் வாடகைத் தேதி. உங்களுடையது 1ஆம் தேதி என்றால் 28இல் அனுப்ப வேண்டிய அவசியமே இல்லை. 30 என்று மாற்றிவிடுங்கள், பிப்ரவரியை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அடுத்த வீடு பார்க்கும்போது இதை மனதில் வையுங்கள். சம்பளத்துக்கு மூன்று நான்கு நாள் கழித்துத் தொடங்குகிற மாதிரி ஒப்பந்தம் போட்டால் இரண்டு வருஷத்துக்குக் கவலையில்லை. கையெழுத்துக்கு முன் கேட்டால் வீட்டுக்காரர் சரி என்பார், அப்புறம் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்.

கைப்பேசி நிறுவனத்தையும் காப்புறுதி முகவரையும் கேளுங்கள். தேதியை மாற்றித் தருகிறவர்களும் உண்டு, எங்கள் முறையில் இடமில்லை என்கிறவர்களும் உண்டு. மாற்ற முடியாது என்றால், உங்களிடம் கடன் அட்டை இருந்தால் அந்தக் கட்டணத்தை அட்டையில் ஏற்றிவிடுங்கள். அட்டைக்கு மட்டும் ஒரு ஜைரோ, அதுவும் முழுத் தொகைக்கு. விண்ணப்பத்தில் 'குறைந்தபட்சத் தொகை' என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் கை வைக்காதீர்கள். இங்கே அட்டை வட்டி ஆண்டுக்கு 25 சதவீதத்துக்கு மேல். மாதம் தவறாமல் ஜைரோ போகிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள், மீதித் தொகை வட்டியோடு வளர்ந்துகொண்டிருக்கும்.

மின்சாரம், தண்ணீர் பில்லை எஸ்பி குழுமம் அனுப்புகிறது. கழியும் நாள் பில்லிலேயே அச்சாகி வரும். தொகைதான் ஆடும், மே, ஜூன் புழுக்கத்தில் குளிர்சாதனம் ராத்திரி முழுக்க ஓடினால் பில்லைப் பார்த்துத்தான் தெரியும். இங்கே ஒரு சின்னப் பொறி உண்டு. ஜைரோ விண்ணப்பத்தில் உச்சவரம்பு போடச் சொல்லி ஓர் இடம் இருக்கும். பாதுகாப்புக்கு என்று 100 வெள்ளி போட்டு வைப்பீர்கள். பில் 112 வெள்ளி வந்தால் 100ஐ எடுத்துக்கொண்டு 12ஐ அப்புறம் கேட்கமாட்டார்கள், மொத்தமாகத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கணக்கில் ஆயிரம் வெள்ளி இருக்கும், ஆனாலும் ஜைரோ திரும்பியிருக்கும். ஏன் என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள்.

உங்களுக்கு இன்னும் வராத ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும். வருமான வரி.

ஊரில் சம்பளத்திலேயே மாதாமாதம் வரியைப் பிடித்துவிடுவார்கள். இங்கே வேலை செய்துகொண்டிருக்கும் காலத்தில் முதலாளி பிடிப்பதில்லை. வேலை அனுமதியில் வந்தவர்களுக்கு மசேநிதி என்கிற கட்டாயச் சேமநிதிப் பிடித்தமும் இல்லை. பேசிய சம்பளம் முழுசாகக் கைக்கு வருகிறது, அதனால் முழுசும் நம்முடையது என்று தோன்றும். இந்த வருஷச் சம்பளத்துக்கு வரி அடுத்த வருஷம்தான் கேட்பார்கள். மாதம் 4,500 வெள்ளி என்று வையுங்கள், ஆண்டுக்கு 54,000. வரிக்கணக்கில் இங்கு வசிப்பவர் என்று உங்களை எடுத்துக்கொண்டால், 1,000 வெள்ளிக் கழிவு போக வரி சுமார் 1,460 வெள்ளி வரும். ஊரோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை, ஆனால் கணக்கு அறிக்கை வந்த ஒரு மாதத்துக்குள் மொத்தமாகக் கட்டச் சொன்னால் உறைக்கும். அதற்குத்தான் ஜைரோ. உள்நாட்டு வருவாய் ஆணையம் 12 மாதத் தவணை வரை தருகிறது, வட்டி கிடையாது. மாதம் 122 வெள்ளியோடு முடிந்தது.

ஆனால் அந்தத் தவணை கழிவது மாதத்தின் 6ஆம் தேதி. நீங்கள் கேட்டு மாற்றுகிற தேதியில்லை அது. உங்களுக்குச் சம்பளம் 28 என்பதால் பிரச்சினை இல்லை. நாளைக்கு வேலை மாறினால்தான் வம்பு. சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் தந்தால் போதும். அதனால் 7ஆம் தேதி சம்பளம் போடுகிற கம்பெனிகள் இங்கே சாதாரணம், அதில் தப்பும் இல்லை. வரி 6, சம்பளம் 7! என் பழைய வீட்டுத் தோழர் ஒருவருக்கு இது நடந்தது. மாதாமாதம் 5ஆம் தேதி ராத்திரி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக 'ஒரு நூறு வெள்ளி பேநவ் பண்ணேன்' என்று வருவார், 7ஆம் தேதி திருப்பித் தந்துவிடுவார். நாணயமான மனிதர்தான், ஆனாலும் அவர் வந்தாலே எல்லாரும் தூங்குவதுபோல் நடிப்போம். வரித் தவணை திரும்பத் திரும்பத் தவறினால் தவணைத் திட்டமே ரத்தாகி, மீதியை மொத்தமாகக் கேட்பார்கள். கட்டாத தொகைக்கு 5 சதவீத அபராதமும் உண்டு. வேலை மாறும்போது சம்பளத் தொகையைக் கேட்கிற மாதிரியே சம்பளத் தேதியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சீனப் புத்தாண்டையும் சொல்லிவிடுகிறேன், புதிதாக வருகிறவர்கள் ஏமாறுகிற இடம் அது. பண்டிகைக்கு முன் நிறைய முதலாளிகள் சம்பளத்தை முன்கூட்டியே போட்டுவிடுவார்கள். கை நிறைந்த மாதிரி இருக்கும். அது புதுப் பணமில்லை, வரவேண்டிய பணம்தான் பத்து நாள் முந்தி வந்திருக்கிறது. அடுத்த சம்பளம் வழக்கமான தேதியில்தான் வரும், நடுவில் ஐந்தாறு வாரம். வாடகையும் ஜைரோவும் தங்கள் தேதியிலேயே வரும். அந்தச் சமயத்தில் முஸ்தபா கடைப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது.

தேதிகளை எவ்வளவு நகர்த்தினாலும், இந்த மாதச் சம்பளத்தில் இந்த மாத பில்லைக் கட்டுகிற வரைக்கும் இந்தப் பதைப்பு இருந்துகொண்டேதான் இருக்கும். என் வழி வேறு. பில்லுக்கு என்று தனியாக ஒரு கணக்கு. எல்லா ஜைரோவும் வாடகையும் அதிலிருந்துதான். இந்த மாதச் சம்பளத்திலிருந்து அதில் போடுவது அடுத்த மாத பில்லுக்கு. அப்படி ஒரு மாதம் முன்னால் ஓடினால் சம்பளம் காலையில் வந்தால் என்ன, சாயங்காலம் வந்தால் என்ன. அந்த முதல் ஒரு மாதப் பணத்தைச் சேர்ப்பதுதான் பாடு. டிசம்பரில் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் தருகிற கம்பெனி என்றால் அதை அப்படியே இந்தக் கணக்கில் தள்ளிவிடுங்கள். இல்லையென்றால் மாதம் 200, 300 என்று சேருங்கள். பிஓஎஸ்பி வங்கிச் சேமிப்புக் கணக்கில் மாதச் சராசரி இருப்பு 500 வெள்ளிக்குக் கீழே போனால் எப்படியும் 2 வெள்ளி பிடிப்பார்கள். அந்த 500ஐ எடுக்காமல் போட்டு வைத்தால் அந்த 2 வெள்ளியும் மிச்சம், ஜைரோ திரும்பும் பயமும் குறையும்.

கணக்கை மாற்றும்போது அவசரப்பட்டுப் பழைய கணக்கை மூடாதீர்கள். தாளில் எழுதிக் கொடுத்த ஜைரோ விண்ணப்பம் நடைமுறைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். 2021இல் வந்த, இணையத்திலேயே விண்ணப்பிக்கும் இ-ஜைரோவில் சேர்ந்திருக்கும் நிறுவனம் என்றால் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். எதுவானாலும் புதுக் கணக்கிலிருந்து முதல் தடவை கழிந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை மூடுங்கள்.

போன மாதம் திரும்பிய இரண்டுக்கும் இன்றைக்கே ஃபோன் போடுங்கள். மறுபடி ஜைரோவில் எடுப்பீர்களா, நான் இப்போதே பேநவ்வில் கட்டவா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கேட்காமல் கட்டினால் அவர்களும் எடுத்துவிடுவார்கள், திருப்பி வாங்க அலைய வேண்டும். தாமதக் கட்டணம் போட்டிருந்தால் முதல் தடவை என்று சொல்லிப் பாருங்கள், பல இடங்களில் விட்டுக்கொடுப்பார்கள்.

கடைசியாக, சம்பளம் வந்த அன்றைக்கே ஊருக்கு அனுப்பிவிடுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். அதுதான் உங்கள் கணக்கை முதலில் காலி பண்ணுகிறது. மாதத் தொடக்கத்தில் போக வேண்டியதெல்லாம் போகட்டும், அதற்கப்புறம் அனுப்புங்கள். இனிமேல் 8ஆம் தேதிக்கு மேல்தான் பணம் வரும் என்று அம்மாவிடம் ஒரு தடவை சொல்லிவிடுங்கள். முதல் மாதம் "என்னப்பா, வேலை கீலை போயிடுச்சா?" என்று நாலு ஃபோன் வரும். அப்புறம் பழகிவிடுவார்கள்.