சங்கத் தலைவர் கிரீன்வுட் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்க உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களின் சங்கமான ‘பயோ’வுக்கு, நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஜிம் கிரீன்வுட் தலைவராகப் போனதைக் கண்டித்து எழுதியிருந்தீர்கள். துறை தெரிந்தவர் தலைமை ஏற்பதில் என்ன தப்பு?

ரா., திருச்சி

அன்புள்ள ரா.,

ஏற்றதில் தப்பில்லை. கிரீன்வுட் விலைபோனவர் என்றும் நான் நினைக்கவில்லை. பென்சில்வேனியாவில் குழந்தைகள் நலப் பணியாளராக இருந்து அரசியலுக்கு வந்தவர். 2001-இல் அவருடைய குடியரசுக் கட்சியினரே மனிதக் குளோனிங்கை அடியோடு தடைசெய்யப் பார்த்தபோது, மருத்துவ ஆராய்ச்சிக்கு மட்டுமாவது வழிவிடுங்கள் என்று எதிர்க்கட்சியின் பீட்டர் டாய்ச்சுடன் சேர்ந்து மாற்று மசோதா கொண்டுவந்தார். தோற்றார். அறிவியல் மீதான அந்தப் பற்று சங்கத்துச் சம்பளம் பார்த்து வந்ததல்ல.

என் ஆட்சேபம் 2004 ஜூலையைப் பற்றியது. அப்போது அவர் நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபையில் விசாரணைத் துணைக்குழுவின் தலைவர். இம்குளோன் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனத்தை 2002-இல் குடைந்தெடுத்த அதே துணைக்குழு. மனச்சோர்வு மருந்துகளைக் குழந்தைகளிடம் சோதித்த முடிவுகளை நிறுவனங்கள் ஏன் முழுதாக வெளியிடவில்லை என்று அந்த ஜூலையில் விசாரிக்க இருந்தார்கள். தள்ளிப்போனது. அவர் பயோவுக்குப் போகும் செய்தி வந்ததும் அதே மாதம். சரி, செப்டம்பரில் விசாரணை நடந்துவிட்டது. ஆனால் பிள்ளைக்கு அந்த மாத்திரையைக் கொடுத்துக்கொண்டிருந்த தாய், இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று எப்படி நம்புவாள்? வேலை பேசத் தொடங்கிய அன்றே அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க வேண்டும்.

அப்புறம் 2010. ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தோடு, புதிய உயிரியல் மருந்து (உயிரணுக்களைக் கொண்டு தயாரிப்பது; மூட்டுவாத ஊசிகள் சில இந்த வகை) எதற்கும் 12 ஆண்டுகள் நகல் மருந்துக்கு அனுமதி கிடையாது என்ற விதியும் வந்தது. சாதாரண வேதி மருந்துக்கு இந்தக் காப்பு 5 ஆண்டுதான். உயிரியல் மருந்துக்கும் 5 போதும் என்றார் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் ஹென்றி வாக்ஸ்மன். கிரீன்வுட் தலைமையிலிருந்த பயோ விடாமல் நின்று 12-ஐ வாங்கியது. வருஷக்கணக்கில் நஷ்டத்தில் ஓடும் சின்ன நிறுவனங்களில் யாராவது பணம் போடவேண்டுமே என்ற அவர்களின் வாதத்தை நான் தள்ளவில்லை. மூட்டுவாத நோயாளி ஊசிக்குக் கொடுக்கும் விலையும் அந்தக் கணக்கில் சேரவேண்டும்.

பிரதிநிதிகள் சபை உறுப்பினர் பதவியில் இருந்துகொண்டே வெளியே வேலை பேசினால் 3 வேலைநாளுக்குள் சபையின் நெறிமுறைக் குழுவிடம் எழுதிக்கொடுக்க வேண்டும் என்று 2007-இல் விதி வந்தது. நல்ல விதி. ஆனால் உறுப்பினர் ஏதாவது ஒரு விஷயத்திலிருந்து விலகும்போதுதான் அந்தக் கடிதம் பொதுமக்கள் பார்வைக்கு வரும். எழுதிக்கொடுத்த அன்றே வரவேண்டும் என்கிறேன்.