கைத்தொலைபேசி கேள்வி பதில்: பழைய சிம்மைக் கழற்றாதீர்கள்

கேள்வி: மகளின் பிள்ளைப்பேற்றுக்காகக் கனடா போகிறேன், ஆறு மாதம் நிற்பேன். விமானம் ஏறுவது இதுவே முதல் தடவை. "அங்கே புது சிம் வாங்கலாம், பழையதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்" என்கிறான் பெறாமகன். வங்கி, வாட்ஸ்அப் எல்லாம் இந்த எண்ணில்தான். என்ன செய்யட்டும்?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: கழற்றவே கூடாது அம்மா. பெறாமகனுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கம் என் கடைக்கு வருகிறவர்களிடமும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். உங்கள் வங்கிக் கணக்கின் திறப்பு அந்தச் சின்ன அட்டைதான். கனடாவில் இருந்தபடி இங்கே உழவுக் கூலி அனுப்ப நினைத்தால், வங்கி இரகசிய இலக்கத்தை இந்த எண்ணுக்குத்தான் குறுந்தகவலாக அனுப்பும். சிம் அலுமாரிக்குள் கிடந்தால் காசு கணக்கிலேயே கிடக்கும்.

புறப்படும் முன்பே தொலைபேசி நிறுவனத்திடம் சொல்லி, நம் சிம் வெளிநாட்டிலும் வேலை செய்யும் ரோமிங் வசதியைத் திறந்துவிடுங்கள். அதோடு போனின் அமைப்புகளில், அந்த சிம்மில் வெளிநாட்டு இணையம் ஓடவிடும் 'டேட்டா ரோமிங்' மட்டும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் வேறு வேறு. முன்னது குறுந்தகவல் வருவதற்கு, பின்னது உங்கள் காசைக் கரைப்பதற்கு. ரோமிங்கில் இருக்கும்போது யாராவது அழைப்பு எடுத்தால், நீங்கள் பதில் பேசினாலே கட்டணம் விழும். அதனால் ஊர்க்காரருக்கு வாட்ஸ்அப்பில் எடுக்கச் சொல்லிவிட்டுப் போங்கள். நீண்ட நாள் ரீலோட் போடாத சிம் செத்துவிடும், பிறகு அந்த எண் வேறொருவர் கைக்கும் போகலாம். எத்தனை நாளுக்கு ஒருமுறை போட வேண்டும் என்று கேட்டு, அந்தப் பொறுப்பைப் பெறாமகனிடமே கொடுங்கள். யோசனை சொன்னவர் வேலையும் செய்யட்டும்.

இனி சிம் தட்டை ஊசியால் திறந்து பாருங்கள். நம் பக்கம் விற்கும் மலிவான போன்கள் பலவற்றில் இரண்டாவது குழிக்குள் சிம் அல்லது மெமரி கார்ட், ஏதாவது ஒன்றுதான் போகும். கனடா சிம் போட வேண்டுமானால் கார்டை எடுக்க வேண்டும். பேரப்பிள்ளைகளின் படமெல்லாம் அதில் இருக்கும். இப்போதே கணினியிலோ கூகுள் டிரைவிலோ ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

வாட்ஸ்அப்புக்குப் பயப்பட வேண்டாம். கனடா சிம் போட்டாலும் அது பழைய எண்ணிலேயே ஓடும். எண்ணை மாற்றவா என்று எந்தத் திரை கேட்டாலும் 'வேண்டாம்' என்றே அழுத்துங்கள். இருபடிச் சரிபார்ப்பு என்ற ஆறு இலக்க இரகசிய எண்ணையும் போட்டுவிடுங்கள். 0-இல் தொடங்கும் ஊர் எண்களில் அந்தச் சுழியத்தை எடுத்து +94 சேர்த்துச் சேமியுங்கள். இல்லாவிட்டால் கனடா சிம்மில் இருந்து அழைப்பு போகாது.

இன்னொன்று, கச்சான் பிடுங்கிப் பிடுங்கித் தேய்ந்த விரல்களைக் கைரேகைப் பூட்டு பல நேரம் மதிப்பதில்லை. போனை அணைத்து மீண்டும் போட்டால் அது எப்படியும் இரகசிய எண்ணைத்தான் கேட்கும். அந்த எண் நினைவில் இருக்க வேண்டும். விமானம் மாற வழியில் டோஹாவில் இறங்கி நின்று போன் திறக்காமல் விழிப்பதைப் போன்ற தொல்லை வேறில்லை. மகளின் எண், வீட்டு விலாசம், விமானச் சீட்டு, விசா எல்லாவற்றையும் படமாகப் போனிலும், அச்சாகக் கைப்பையிலும் வையுங்கள். கனடாவில் குடிவரவு அதிகாரி விலாசம் கேட்பார், அப்போது வைஃபை தேடிக்கொண்டு நிற்க முடியாது.

பிரஷர் மாத்திரைக்கு அலாரம் வைத்திருப்பீர்கள். ரொறன்ரோ கோடையில் நமக்கு ஒன்பதரை மணித்தியாலம் பின்னால், மாரியில் பத்தரை. போன் அந்த நேரத்துக்கு மாறியதும் அலாரமும் கூடவே மாறிவிடும். மாத்திரை நேரத்தை எப்படி மாற்றுவது என்பதை மருத்துவரிடம் கேளுங்கள், என்னிடம் அல்ல.

கேள்வி: அம்மா கனடாவுக்கு நம் மிக்சியையும் கொண்டுபோக நிற்கிறார். போன் சார்ஜர் அங்கே வேலை செய்யுமா?
– வாசகர், வவுனியா

பதில்: சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் '100–240V' என்று இருந்தால் செய்யும். தட்டையான இரண்டு கால் உள்ள செருகி மாற்றி (அடாப்டர்) ஒன்று வாங்கினால் போதும். மிக்சியை வீட்டில் விடுங்கள். அது 230 வோல்ட்டுக்குச் செய்தது, கனடாவில் வருவது 120. சுற்றும், ஆனால் உளுந்து அரைபடாது.

கேள்வி: பவர் பேங்க் கொண்டு போகலாமா?
– வாசகர், முல்லைத்தீவு

பதில்: கைப்பையில் மட்டும். பெரிய பெட்டிக்குள் போட்டால் கட்டுநாயக்கவில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்கள். பொதுவான எல்லை 100 வாட்-மணி (பேட்டரிக்குள் அடங்கும் மின்சக்தியின் அளவு). 20,000 எம்ஏஎச் உள்ளது ஏறக்குறைய 74 வாட்-மணிதான், தாராளமாகப் போகும். அளவு அச்சிடாத மலிவுச் சரக்கை அதிகாரி பறித்தால் வாதாடிப் பயனில்லை.