அடமானம் மூழ்கிய பிறகு அன்னதானமா?

கேள்வி: பல நாட்டுத் திருச்சபைகள் ஒன்றுகூடி, ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யச் சொல்லி அரசாங்கங்களிடம் போராடுகின்றன. இதை நீண்டகால வளர்ச்சிப் பணி என்கிறார்கள். பசித்தவனுக்குச் சோறும் நோயாளிக்கு மருந்தும் கொடுத்தால் போதாதா? கடன் விவகாரத்தில் சபைகளுக்கு என்ன வேலை?
— வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்கலாமா ஐயா? கடன் ஒரு நாட்டை என்ன செய்யும் என்பது நம் பேரேடுகளிலேயே எழுதியிருக்கிறதே!

நம் நகரத்தார் வீட்டுப் பையன்கள் வட்டிக்கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையன்களாக ரங்கூனுக்குக் கப்பல் ஏறி, அடுத்தாளாகி, மேலாளாகி, லேவாதேவி என்ற வட்டித் தொழிலைக் கரைத்துக் குடித்தார்கள். கீழ் பர்மாவின் காடும் சதுப்பும் நெல்வயலானதில் நம்மவர் முதலுக்குப் பெரும் பங்கு உண்டு. அதில் எனக்குப் பெருமைதான். பிறகு 1930-ல் நெல் விலை சரிந்தது. அந்த ஆண்டில் கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் நம்மவர் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938-ல் அது 25 பங்கு. நிலம் பிடிக்க வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. வட்டி நின்றது, அடமானம் மூழ்கியது, வயல் கைமாறியது. அந்த பர்மிய உழவனுக்கு நாம் ஊருக்கு ஊர் சத்திரம் கட்டிச் சோறு போட்டிருந்தாலும் அவன் வயல் அவனுக்குத் திரும்பியிருக்காது. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்.

இதை எழுதும்போதெல்லாம் முன்னோரைப் பழிப்பதாகக் கோபக் கடிதங்கள் வருகின்றன. இந்த முறையும் வரட்டும். ரங்கூன் மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியை ஒருமுகமாக நிர்ணயித்தவர்கள் அவர்கள். கடைக்குக் கடை போட்டி இருந்தது, ஆனாலும் வட்டிக்கும், தர்மத்துக்கு ஒதுக்கும் மகமைக்கும் ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். காசியிலும் ராமேசுவரத்திலும் நகரத்தார் சத்திரங்கள் எழுந்தது அந்தப் பழக்கத்தால்தான். அந்தப் பழக்கத்தை இழந்துவிட்டு மாளிகைத் தூண்களைப் பழம்பொருள் கடைக்கு விற்கிறோமே, எனக்கு அங்கேதான் வயிறு எரிகிறது. சரி, கேள்விக்கு வருகிறேன்.

சபைகள் ஒரே ஜமக்காளத்தில் உட்காருவதும் நம் மண்ணுக்குப் புதிதல்ல. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிடேரியன், காங்கிரிகேஷனல் சபையார் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் இணைந்து தென்னிந்தியத் திருச்சபை ஆனார்கள். நம் ஊர்க்காரர்கள் வைத்தியத்துக்கு ரயிலேறும் வேலூர் மருத்துவக் கல்லூரியும் பல சபைகள் சேர்ந்து நடத்துவதுதான்.

கடனைப் பற்றி அவர்களுடைய வேதமே பேசுகிறது. ஏழாம் ஆண்டில் கடனை விட்டுவிடு என்கிறது உபாகமம். ஐம்பதாம் ஆண்டில் விற்ற நிலம் உரியவனுக்கே திரும்ப வேண்டும் என்கிறது லேவியராகமம். அந்த ஐம்பதாம் ஆண்டுக்கு யூபிலி என்று பெயர்; அந்தப் பெயரில்தான் ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரும் 'யூபிலி 2000' கூட்டணி பிறந்தது. 1998 மே 16 அன்று இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஜி-8 என்ற எட்டுப் பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடியபோது சுமார் 70,000 பேர் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றார்கள். சபை வேறுபாடு அங்கே யாருக்கும் நினைவில்லை. அடுத்த ஆண்டு கொலோன் மாநாட்டில் கடன் குறைப்பை விரிவாக்கத் தலைவர்கள் சம்மதித்தார்கள். 2005-ல் உலக வங்கி, பன்னாட்டு நிதியம் ஆகியவற்றின் கடன்களையும் ரத்து செய்ய இசைந்தார்கள். மறு ஆண்டே, 2006 ஏப்ரலில், ஆப்பிரிக்க நாடான ஸாம்பியா தன் கிராமப்புற அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை நீக்கியது. நோயாளிக்கு மருந்து என்றீர்களே, அந்த நாட்டு ஏழைக்கு அது இந்த வழியில்தான் கிடைத்தது.

சபைகள் மீது எனக்குக் கோபமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2000-ஆம் ஆண்டு முடிந்ததும் அந்தப் பெரிய கூட்டணியைக் கலைத்துவிட்டார்கள். வேலையைத் தொடர்ந்தவை சிறு அமைப்புகள்தாம். இங்கே ஊருணி வெட்டியவர் பெயர் கல்லில் நிற்கிறது, வரத்துக்கால் தூர்ந்து கிடக்கிறது. தூர் வாரும் செலவுக்கு ஆள் தேடினால் ஊரே வெளியூர் போய்விடுகிறது. அதே கதைதான் அங்கேயும். ஸாம்பியா மீண்டும் கடன் வாங்கியது. 2020 நவம்பரில் தவணை கட்ட முடியாமல் கைவிரித்தது. இந்த முறை பணம் கொடுத்தவர்களில் கடன் பத்திரம் வாங்கிய தனியார் நிறுவனங்களும் சீனாவும் இருந்ததால் பேரம் ஆண்டுக்கணக்கில் இழுத்தது. கடன் கொடுத்த எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைக்கும் வலு அப்போது எந்தக் கூட்டணிக்கும் இல்லை.

2025 யூபிலி ஆண்டை முன்னிட்டு, ஏழை நாடுகளின் கடனை விட்டுவிடுங்கள் என்று போப் பிரான்சிஸ் மறுபடி கேட்டார். அந்த ஏப்ரலிலேயே மறைந்துவிட்டார். கத்தோலிக்கத் தொண்டு அமைப்பான காரித்தாஸ் அதற்காகக் கையெழுத்து திரட்டியது. உங்கள் பங்குத்தந்தையையும் பக்கத்துச் சபைப் போதகரையும் ஒன்றாக உட்காரவைத்துக் கேளுங்கள்: நம் ஊரில் அந்தக் கையெழுத்துத் தாள் யார் வீட்டுக்காவது வந்ததா? வரவில்லை என்றால், ஏன்? அவர்கள் சொல்லும் பதிலை எனக்கு எழுதுங்கள், அடுத்த இதழில் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.