பருவைத் துடைக்கலாம், மச்சத்தைக் கேட்டுவிட்டுத்தான்: ஸ்டுடியோ படத் திருத்தம் பற்றிய கேள்வி பதில்

உதகையில் சிறிய ஸ்டுடியோ ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பிறர் முகங்களோடு மல்லாடிக்கொண்டிருக்கிறேன். நெகட்டிவ் மேல் பென்சில் பிடித்துத் தொடங்கிய கை, இப்போது கணினிப் பேனாவைப் பிடித்திருக்கிறது. நீலகிரியின் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். "எந்த ஆப் நல்லது?" என்று கேட்ட பதினொரு பேரும் மன்னிக்க வேண்டும். எந்தக் கடையில் அரிவாள்மனை வாங்கினோம் என்பதை வைத்தா குழம்பு ருசிக்கிறது?

ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமான தம்பி, குன்னூர்: அண்ணே, படத்தைத் திறந்ததும் முதலில் எதைத் திருத்த வேண்டும்?

நிறத்தை, தம்பி. தோலை அல்ல. நம் ஊரில் மூடுபனி நாளில் ஜன்னல் வெளிச்சம் நீலமாக விழும். உள்ளே எரியும் டியூப் லைட் பச்சையைக் கலக்கும். படம் எடுக்கும்போதே ஒரு சாம்பல் நிற அட்டையை முகத்தருகே பிடிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு அந்த அட்டை சாம்பலாகவே தெரியும்படி நிறத்தைச் சரிசெய்தால் பாதித் தலைவலி போய்விடும். அட்டை இல்லையென்றால் கன்னத்தில் வெளிச்சம் படும் இடத்துக்குக் கணினி காட்டும் சிவப்பு, பச்சை, நீல எண்களைப் பாருங்கள். எந்த மனிதத் தோலானாலும் சாதாரண வெளிச்சத்தில் சிவப்பு எண் பெரியதாகவும், பச்சை நடுவிலும், நீலம் சிறியதாகவும் இருக்கும். நீலம் பச்சையைத் தாண்டினால் முகம் நோயாளி முகமாகிவிடும்.

நிறமும் வெளிச்சமும் சரியான பிறகு பின்திரையின் சுருக்கம், சட்டையில் ஒட்டிய நூல், கடைசியாகத்தான் தோல். தோலில் தொடங்குகிறவர்கள் பிறகு நிறத்தை மாற்றும்போது, துடைத்த இடமெல்லாம் திட்டுத் திட்டாகத் தெரியும். எல்லாத் திருத்தமும் தனி லேயரில், அதாவது அசல் படத்தின் மேல் விரித்த கண்ணாடித் தாள் போன்ற அடுக்கில், இருக்கட்டும். அசல் படத்தின் மேலேயே கை வைக்கிற பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

ஓர் ஆசிரியை, கோத்தகிரி: பணி ஓய்வுக்காக எடுத்த படத்தில் என் மேலுதட்டு மச்சத்தையே அழித்துவிட்டார்கள். என் அம்மா படத்தைப் பார்த்துவிட்டு "இது யார்?" என்றார். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று விதி ஏதும் கிடையாதா?

எழுதப்பட்ட விதி இல்லை அம்மா. நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: இரண்டு வாரத்தில் தானே போய்விடக்கூடியதைக் கேட்காமலே எடுத்துவிடலாம். பரு, கொசுக்கடி, சவரம் செய்த கீறல், டிசம்பர் உறைபனியில் வெடித்த உதடு எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மச்சம், தழும்பு, அம்மைத் தடம் போன்றவை அந்த மனிதருக்குச் சொந்தமானவை. அவற்றைக் கேட்டுவிட்டுத்தான் தொடுவேன். பெரும்பாலும் "இருக்கட்டும்" என்றே சொல்கிறார்கள். சுருக்கமும் கருவளையமும் நடுவில் நிற்பவை. அவற்றை முழுதாக அழிக்காமல் தனி லேயரில் சரிசெய்து, அந்த லேயரின் அடர்த்தியைப் பாதியாகக் குறைத்துவிடுகிறேன். நன்றாகத் தூங்கி எழுந்த முகம் போல இருந்தால் போதும்.

உங்கள் படத்தைத் திருத்தியவரிடம் அசல் கோப்பு இருக்கும். மச்சத்தைத் திரும்ப வைக்க அவருக்கு இரண்டு நிமிடம் ஆகும். தயங்காமல் கேளுங்கள்.

கல்லூரி மாணவர், கூடலூர்: எவ்வளவு கவனமாகச் செய்தாலும் முகம் மெழுகு பொம்மை ஆகிவிடுகிறது. எங்கே தவறு?

தோலை மழுக்குகிறீர்கள். அங்கேதான் தவறு. தோலில் இரண்டு சங்கதிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. ஒன்று, மயிர்க்கண்களும் நுண்ணிய கோடுகளும் சேர்ந்த இழை. மற்றொன்று, அதற்கு அடியில் ஓடும் வெளிச்சமும் நிழலும். நம் கண்ணுக்கு உறுத்துவது பெரும்பாலும் இரண்டாவதுதான். கன்னத்தில் ஒரு பள்ளம் சற்று இருட்டாக இருக்கும், பக்கத்து மேடு சற்று மின்னும். மழுக்கும் கருவி மேலே உள்ள இழையை அழித்துவிட்டு, உறுத்திய நிழலை மங்கிய கறையாக அங்கேயே விட்டுவைக்கிறது.

இந்த இடத்தில் என் குருவின் மேசையைச் சொல்ல வேண்டும். சாய்வான பலகை, நடுவில் பால்கண்ணாடி, பின்னாலிருந்து வெளிச்சம். நெகட்டிவ்மீது பிசினும் டர்பன்டைனும் கலந்த கரைசலைத் துளி தடவினால் பென்சில் பிடிக்கச் சற்றுச் சொரசொரப்பு கிடைக்கும். பென்சிலை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து, முனை தையல் ஊசிபோல ஓர் அங்குலம் நீளும்வரை விடமாட்டார். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுக்கும். முகத்தின் கருத்த புள்ளிகள் நெகட்டிவில் தெளிவான ஓட்டைகளாகத் தெரியும். ஆகவே அவற்றைக் காற்புள்ளி போன்ற குட்டிச் சுழிகளால் நிரப்புவார். எதிர்மாறாக, பிரிண்டில் ஓரிடம் கருக்க வேண்டுமென்றால் நெகட்டிவைக் கத்தியால் நூலளவு சுரண்டுவார். அந்த வேலையில் மழுக்க வழியே கிடையாது. ஒவ்வொரு புள்ளியாக வெளிச்சத்தைச் சமன் செய்தால்தான் உண்டு.

அதையே கணினியில் செய்யுங்கள். ஐம்பது விழுக்காடு சாம்பல் நிரப்பிய ஒரு லேயரை, கீழுள்ள படத்தோடு மென்மையாகக் கலக்கும் 'சாஃப்ட் லைட்' முறையில் வையுங்கள். அதில் வெள்ளை பிரஷ் வெளுக்க வைக்கும், கறுப்பு பிரஷ் கருக்க வைக்கும். பிரஷின் 'ஃப்ளோ', அதாவது ஒரு தடவலில் இறங்கும் சாயத்தின் அளவு, இரண்டு மூன்று விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். பருவுக்கு மட்டும், பக்கத்துத் தோலைக் கொண்டு மூடும் ஹீலிங் பிரஷ். முகம் திரை முழுக்க நிறையும்படி பெரிதாக்கி வேலை செய்தால் மயிர்க்கண்ணைக்கூட எதிரியாகப் பார்ப்பீர்கள்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படத்தைச் சிறிதாக்கி, தள்ளி நின்று பாருங்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் இன்னும் நல்லது.

கறுப்பு வெள்ளைப் படமென்றால் ஒரு குறுக்குவழி உண்டு. பழைய ஆர்த்தோ வகை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதனால் ஒவ்வொரு பருவும் கரும்புள்ளியாக விழுந்தது. அக்காலத்தில் பென்சிலுக்கு அவ்வளவு வேலை இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இன்று நிறத்தை நீக்கும்போது சிவப்பின் பங்கைக் கூட்டினால் பருவும், குளிரில் சிவந்த கன்னமும் தாமாகவே அடங்கிவிடும். உதடும் வெளிறிப் போகும் என்பதால் அதை மட்டும் தனியாகக் கருக்க வைக்க வேண்டும்.

ஸ்டுடியோ உரிமையாளர், மஞ்சூர்: பெண் பார்க்க அனுப்பும் படத்தில் "கொஞ்சம் சிவப்பாக்கிக் கொடுங்கள்" என்று பெற்றோரே கேட்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

மாட்டேன் என்பேன். தொழில் தொடங்கிய காலத்தில் நானும் செய்தவன்தான். அந்தப் படங்களை இப்போது பார்த்தால் கூச்சமாக இருக்கிறது. அறம் பேசுவதாக நினைத்தால், தொழில்முறைக் காரணத்தையாவது கேளுங்கள். முகத்தை வெளுத்தால் காது, கழுத்து, கை மூன்றும் காட்டிக் கொடுத்துவிடும். அவற்றையும் வெளுத்தால் நகையின் மினுக்கம் செத்துப்போகும். மாநிறத் தோலில் நெற்றியிலும் கன்ன மேட்டிலும் விழும் பளபளப்புதான் முகத்துக்கு வடிவம் தருகிறது. எல்லாவற்றையும் வெளுத்துவிட்டால் முகம் சப்பாத்தி போலத் தட்டையாகிவிடும்.

பெற்றோர் கேட்பது பல நேரம் நிறமே அல்ல. முகம் 'டல்லாக' இருக்கிறது என்பதுதான் அவர்கள் மனக்குறை. எடுக்கும்போதே பெரிய, மென்மையான விளக்கை முகத்துக்கு அருகே கொண்டுவாருங்கள். கண்ணுக்குள் ஒரு வெளிச்சப் புள்ளி விழட்டும். பின்திரையைச் சற்றுக் கருமையாக்குங்கள். பத்தில் எட்டுப் பேர் அதற்குப் பிறகு நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

தோடர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி, உதகை: எங்கள் பூத்துக்குளிச் சால்வையைப் போர்த்தி எடுத்த படத்தில் துணி வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது. பூவேலையும் மங்கிவிட்டது. சரிசெய்ய முடியுமா?

வெளிச்சம் மிகுந்து வெந்துபோன வெள்ளையில் திரும்ப எடுக்க ஒன்றும் மிஞ்சியிருக்காது. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு இருந்தால் கொஞ்சம் மீட்கலாம். ஜேபெக் மட்டும் இருந்தால் மறுபடி எடுத்துத் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. எடுப்பவருக்கு: துணியின் நெசவு தெரியும் அளவுக்கு வெளிச்சத்தைக் குறைத்து எடுத்துவிட்டு, முகத்தின் வெளிச்சத்தை மட்டும் பிறகு கூட்டுங்கள். விளக்கு நேரெதிரே இல்லாமல் பக்கவாட்டில் இருந்தால் சிவப்பு, கறுப்பு நூலின் மேடு தெரியும். தோலுக்குப் போட்ட மென்மையாக்கம் துணிமேல் வழிந்துதான் பூவேலை மங்கியிருக்கும். திருத்தம் தோலைத் தாண்டாமல் மறைக்கும் மாஸ்க் போடச் சோம்பியதன் விளைவு. வெள்ளை உடுத்தி வரும் படகர் வீட்டுக் குடும்பப் படங்களுக்கும் இதே பதில்தான்.

வங்கி ஊழியர், அரவங்காடு: மூக்குக்கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்துவிட்டது. கண்ணாடி இல்லாமல் எடுத்த இன்னொரு படத்திலிருந்து கண்ணை வெட்டி ஒட்டலாமா?

ஒட்டலாம், ஆனால் கிட்டப்பார்வைக் கண்ணாடி கண்ணைச் சிறிதாகக் காட்டும் என்பது நினைவிருக்கட்டும். கண்ணாடி இல்லாத கண்ணை அப்படியே ஒட்டினால் திடுக்கிட்டு விழிப்பது போல இருக்கும். சற்றுச் சுருக்கி ஒட்டுங்கள். கண்ணாடி விளிம்புக்குள் கன்னத்தின் கோடு உள்வாங்கித் தெரிவதை மட்டும் தொடவே வேண்டாம். எடுக்கும்போதே கண்ணாடியின் காதுப் பக்கத்தைச் சிறிது தூக்கிவிட்டால் இந்த அறுவைச் சிகிச்சையே தேவைப்படாது.

ஓய்வுபெற்ற ராணுவ வீரர், வெலிங்டன்: சீருடைப் படத்தைச் சுவரில் இடப்பக்கம் பார்க்கும்படி திருப்பித் தந்தார்கள். ஏதோ சரியில்லை, என்னவென்று தெரியவில்லை.

உங்கள் பதக்கங்கள் வலது மார்புக்குப் போயிருக்கும் ஐயா. படத்தை இடம் வலமாகத் திருப்பினால் சட்டைப் பொத்தான் மாறும், சேலைத் தலைப்பு வலது தோளுக்குப் போகும், தலை வகிடு மாறும். திரும்பக் கொடுத்துவிடுங்கள்.

கூடலூர், குன்னூர் வாசகர்கள்: பாஸ்போர்ட், விசா படங்களில் எவ்வளவு திருத்தலாம்?

ஒன்றும் கூடாது. பாஸ்போர்ட்டுக்கு அந்த அலுவலகத்திலேயே பெரியவர்களைப் படமெடுத்துவிடுகிறார்கள். விசாப் படத்தில் முகத்தைத் திருத்தினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இல்லத்தரசி, உதகை: திரையில் பளிச்சென்று இருக்கும் படம் பிரிண்டில் இருட்டாக வருகிறது.

உங்கள் திரையின் வெளிச்சம் மிக அதிகம். வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகத் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். லேபுக்கு வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும். 12×18 அங்குலப் பிரிண்டுக்கு, அங்குலத்துக்கு 200 புள்ளி என்றாலும் 2400×3600 புள்ளிகள் வேண்டும்.

ஓட்டுநர், கோத்தகிரி: பாட்டி காலமாகிவிட்டார். ஆதார் அட்டையில் உள்ள படம் மட்டும்தான் இருக்கிறது. மாலை போடும் அளவுக்குப் பெரிதாக்க வேண்டும். ஏஐ செய்துவிடும் என்கிறார்கள்.

செய்துவிடும். அழகான ஒரு பாட்டி கிடைப்பார். அவர் உங்கள் பாட்டியாக இருக்கமாட்டார். அஞ்சல்தலை அளவுப் படத்தில் இல்லாத கண்ணிமையையும் சுருக்கத்தையும் அந்த இயந்திரம் தான் பார்த்த வேறு யார் யாரோ முகங்களிலிருந்து எடுத்து நிரப்புகிறது. சென்ற ஆண்டு அப்படி ஒரு படத்தைக் கொண்டுவந்தவர், "எல்லாம் சரி, பார்வை மட்டும் வேறு யாருடையதோ" என்றார். அதற்குமேல் எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

முதலில் உறவினர் வீட்டுக் கல்யாண ஆல்பங்களைத் தேடுங்கள். பந்தியிலோ கூட்டத்திலோ ஓரமாக நின்ற முகம்கூட அட்டைப் படத்தைவிட நன்றாக இருக்கும். அந்தக் கல்யாணத்தைப் படமெடுத்த ஸ்டுடியோவில் நெகட்டிவ் இருக்கிறதா என்றும் கேளுங்கள். நம் ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தாலும் முகம் தப்பியிருக்கலாம். எதுவுமே கிடைக்கவில்லையென்றால் படத்தைச் சிறிதாகவே அச்சிட்டு, அகலமான மவுண்ட் அட்டைக்குள் வைத்துப் பெரிய ஃபிரேம் போடுங்கள். மாலை ஃபிரேமுக்குத்தானே.

தேயிலைத் தோட்ட மேற்பார்வையாளர், குந்தா: தாத்தாவின் கறுப்பு வெள்ளைப் படம் மஞ்சளாகிவிட்டது. ஃபிரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டும் இருக்கிறது. பிரித்து எடுத்துவிட்டு ஸ்கேன் செய்யலாமா?

பிரிக்கவே பிரிக்காதீர்கள். ஈரத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருக்கிறது; இழுத்தால் தாத்தாவின் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே படமெடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு, கேமராவுக்கு முன்னால் லென்ஸ் அளவு ஓட்டை போட்ட கறுப்புத் துணி. அவ்வளவுதான்.

கறுப்பு வெள்ளைதானே என்று நிறமில்லாமல் எடுத்துவிடாதீர்கள். வண்ணப் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று தனிப் பதிவுகளாக, அதாவது சேனல்களாக, இருக்கும். வண்ணத்தில் எடுத்து, சிவப்பு சேனலை மட்டும் பிரித்துப் பாருங்கள். மஞ்சள் கறை நீல சேனலில்தான் கருப்பாகப் படியும்; சிவப்பில் பெரும்பாலும் மறைந்துவிடும். பாதித் திருத்தம் அதிலேயே முடிந்துவிடும்.

இதையெல்லாம் வீட்டில் செய்ய வசதியில்லையென்றால் ஃபிரேமோடு கொண்டுவாருங்கள். பஸ்ஸில் வரும்போது கண்ணாடி மேலே இருக்கும்படி மடியில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை மட்டும் கடை இருக்காது.