ஆடு எங்கே மேயுது, காடு எங்கே தேயுது: சேர்வராயன் மலை வரைபடக் கேள்வி பதில்

சேலம் மாவட்டத்துக் கால்நடைப் பரவலையும் சேர்வராயன் மலைக் காட்டையும் வரைபடமாக்குவது பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

கருப்பூர், ஆய்வு மாணவி: சார், கால்நடைக் கணக்கெடுப்பு எண்களை வைத்து ஏற்காடு வட்டத்துக்கு ஆடு மாடு பரவல் வரைபடம் செய்யணும். கிராம எண்ணிக்கையைக் கிராமப் பரப்பால் வகுத்து நிறம் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாதும்மா. கணக்கெடுப்பு ஆட்டை எண்ணுவது சொந்தக்காரர் வீட்டு வாசலில். அந்த எண் சொல்வது ஆடு ராத்திரி அடையும் இடத்தை, பகலில் வாய் வைக்கும் இடத்தை அல்ல. பரப்பால் வகுத்தால் காப்புக்காட்டை ஒட்டிய சின்னக் கிராமமெல்லாம் சிவப்பாகவும், ஆடு நிஜமாக மேயும் காப்புக்காடு வெள்ளையாகவும் வரும்.

முதலில் இனம் பிரியுங்கள். கணக்கெடுப்பில் கலப்பின மாடும் நாட்டு மாடும் தனித்தனியாகவே இருக்கும். கலப்பின ஜெர்சி பெரும்பாலும் கொட்டகையில் கட்டித் தீனி போடுவது; அதை மேய்ச்சலில் சேர்க்காதீர்கள், அல்லது ஊரில் விசாரித்து ஒரு பங்கை மட்டும் சேருங்கள். நாட்டு மாடு, எருமை, செம்மறி, வெள்ளாடு ஒவ்வொன்றும் தனி அடுக்கு. கூட்டியே ஆகவேண்டிய இடத்தில் வெப்பமண்டலக் கால்நடை அலகு இருக்கிறது: மாட்டுக்கு 0.7, ஆட்டுக்கு 0.1, ஓர் அலகு என்பது 250 கிலோ உயிர் எடை.

அடுத்து, கிராம எல்லையை விட்டுவிட்டுக் குடியிருப்பில் புள்ளி வையுங்கள். அதைச் சுற்றி 3 கிலோமீட்டர் வட்டம். ஆட்டுக்கு வருவாய்த்துறை எல்லை தெரியாது. வட்டத்துக்குள் 30 மீட்டர் கட்டங்கள் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை கொடுக்க வேண்டும். அமெரிக்க மேய்ச்சல் நிலங்களில் மாட்டுக்காக ஹோல்செக் என்ற ஆய்வாளர் 1988-இல் வகுத்த கணக்கு தொடக்கத்துக்கு உதவும். சரிவு 10 சதவீதம் வரை முழு மதிப்பு, 30 வரை பத்தில் மூன்று பங்கு குறைத்து 0.7, 60 வரை 0.4, அதற்கு மேல் பூஜ்யம். தண்ணீர் 1.6 கிலோமீட்டருக்குள் இருந்தால் முழு மதிப்பு, 3.2 வரை பாதி, தாண்டினால் பூஜ்யம். இதெல்லாம் மாட்டுக்கு. சேலம் கருப்பு வெள்ளாட்டுக்கு இதே சரிவு எடையைப் போட்டால் வரைபடம் பொய் சொல்லும். செங்குத்துப் பாறையில் முன்னங்கால் ஊன்றி நின்று இலை பறிக்கிற பிராணி அது. சரிவுக்கான குறைப்பைப் பாதியாக்கி, அந்த ஊரில் ஆடு மேய்ப்பவரிடம் படத்தைக் காட்டித் திருத்துங்கள்.

சரிவு எடையையும் தண்ணீர் எடையையும் பெருக்கி, வட்டத்தின் மொத்த எடையால் வகுத்து, ஊர் எண்ணிக்கையால் பெருக்கினால் கட்டத்துக்கு எத்தனை என்று வரும். கடைசியில் எல்லாக் கட்டத்தையும் கூட்டிப் பாருங்கள். கணக்கெடுப்பு எண் திரும்ப வரவில்லை என்றால் எங்கோ வட்டம் வெட்டுப்பட்டிருக்கிறது, பெரும்பாலும் உங்கள் படத்தின் ஓரத்தில்.

எடையில் என்டிவிஐயை, அதாவது சாட்டிலைட் படத்தில் பச்சை எவ்வளவு என்று சொல்லும் தாவரக் குறியீட்டை, சேர்க்காதீர்கள். ஏன் என்ற கேள்வி கீழே எப்படியும் வரும்.

அஸ்தம்பட்டி: சாட்டிலைட் படத்திலேயே ஆட்டை எண்ண முடியாதா?

பதில்: இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர். ஆடு ஒரு மீட்டர்கூட இல்லை. காசு கொடுத்து வாங்கும் 30 சென்டிமீட்டர் படத்தில் திறந்த தரிசில் நிற்கும் மாடு நாலைந்து புள்ளியாகத் தெரியும். மரத்தடியில் நின்றால் அதுவும் இல்லை.

ஓமலூர்: ஐயா, காப்புக்காட்டில் ஒரே இடத்தின் என்டிவிஐ 2021 மார்ச்சில் 0.76, 2023 மார்ச்சில் 0.48. இரண்டு வருஷத்தில் இவ்வளவு காடு போய்விட்டதா?

பதில்: காடு அங்கேயேதான் நிற்கிறது. 2022 ஜனவரி 25 முதல் சென்டினல்-2 படங்களின் எண்களில் 1000 கூட்டித் தருகிறார்கள். அதைக் கழிக்காமல் கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இரண்டு ஒளிப்பட்டைகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுப்பதுதான் என்டிவிஐ. சிவப்புப் பட்டை 400, அகச்சிவப்பு 3000 என்று வையுங்கள்: 2600-ஐ 3400-ஆல் வகுத்தால் 0.76. இரண்டிலும் 1000 கூடியிருந்தால் 2600-ஐ 5400-ஆல் வகுப்பீர்கள், 0.48. உங்கள் இரண்டு எண்ணும் அப்படியே வந்துவிட்டதா? கூகுள் எர்த் எஞ்சினில் ‘ஹார்மனைஸ்டு’ என்று பெயரில் இருக்கும் தொகுப்பை எடுத்தால் இந்தக் கழித்தலை அதுவே செய்துவிடும். தனியாகப் பதிவிறக்கினால் நீங்கள்தான் கழிக்க வேண்டும்.

மேட்டூர்: எங்கள் பக்கத்துப் படமும் ஏற்காட்டுப் படமும் ஒட்ட மாட்டேங்குது. ஏன்?

பதில்: சேலம் மாவட்டத்தை 78 டிகிரி தீர்க்கரேகை வெட்டுகிறது. மேட்டூர், எடப்பாடி, மேச்சேரி அதற்கு மேற்கே; உலகை மண்டலங்களாகப் பிரிக்கும் யுடிஎம் வரைபட முறையில் அது 43-ஆம் மண்டலம். சேலமும் ஏற்காடும் 44. எல்லாவற்றையும் 44-ஆம் மண்டலத்தின் குறியீட்டெண்ணான இபிஎஸ்ஜி 32644-க்கு மாற்றிவிடுங்கள். மேட்டூரில் வரும் அளவுப் பிழை பொருட்படுத்தத் தக்கதல்ல. வகைப்பாட்டுப் படத்தை (ஒவ்வொரு புள்ளிக்கும் நிலவகை எண் கொடுத்த படம்) மாற்றும்போது ‘அருகிலுள்ள புள்ளி’ முறை மட்டும். சராசரி எடுக்கும் முறை போட்டால் 2-ஆம் வகைக்கும் 4-ஆம் வகைக்கும் நடுவே இல்லாத 3-ஆம் வகை முளைக்கும்.

ஏற்காடு, காப்பித் தோட்டக்காரர்: எங்கள் எஸ்டேட்டை அரசாங்க வரைபடத்தில் அடர் காடு என்று போட்டிருக்கிறார்கள். நாளைக்கு இதை வைத்து வில்லங்கம் வருமா?

பதில்: அந்த வரைபடத்தை மட்டும் வைத்து வராதுங்க. இந்திய வனஅளவைத் துறையின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில் மரக்கவிகை (மேலிருந்து பார்க்கும்போது மரத்தலைகள் மூடும் பரப்பு) 10 சதவீதம் இருந்தாலே ‘வனப்போர்வை’தான். நிலம் யாருடையது, என்ன பயிர் என்று பார்ப்பதில்லை. 40 முதல் 70 வரை நடுத்தர அடர்த்தி, அதற்கு மேல் மிக அடர்த்தி. சில்வர் ஓக் நிழலில் காப்பி வைத்தால் அந்தக் கணக்கில் நீங்கள் காடுதான். சட்டப்படியான காப்புக்காடு வேறு விஷயம், அது அரசாணையில் இருக்கிறது.

வில்லங்கம் மாணவர்களுக்குத்தான். மேலிருந்து பார்க்கும்போது நிழல் காப்பியும் மலையுச்சிப் பசுமைமாறாக் காடும் ஏறக்குறைய ஒரே நிறம். மார்ச் மாதப் படம் எடுத்தால் அடிவார முட்புதரும் நடுமலை இலையுதிர் காடும் பழுப்பாகி விலகிவிடும். மீதிப் பச்சையில் காப்பியும் மலையுச்சிக் காடும் கலந்தே நிற்கும். அவற்றைப் பிரிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, சில்வர் ஓக்கின் வரிசை நடவு உயர் துல்லியப் படத்தில் கோடுகோடாகத் தெரியும். இன்னொன்று, நிழல் மரத்தைக் கவாத்து பண்ணிய சில வாரங்களுக்குத் தோட்டத்தின் என்டிவிஐ சட்டென்று இறங்கி ஏறும், இயற்கைக் காட்டில் அந்தப் பள்ளம் இருக்காது. உங்கள் தோட்டத்தில் எந்த மாதம் கவாத்து என்று சொன்னீர்கள் என்றால் இங்கே பத்துப் பேருக்கு உபகாரம்.

ஆத்தூர்: ட்ரோன் வேண்டாம், சாட்டிலைட்டில் ஆடு எண்ண வழி?

பதில்: அஸ்தம்பட்டிக்காரருக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

சேலம், இயற்கை ஆர்வலர்: ஐ.நா. உணவு வேளாண் அமைப்பான எஃப்ஏஓவின் உலகக் கால்நடைக் கட்டவரைபடத்தை இறக்கி, சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைக்கு என்டிவிஐயோடு ஒப்பிட்டேன். ஆடு அதிகமான கட்டத்தில் பச்சை குறைவு. எதிர்மறை உறவு தெளிவாக இருக்கிறது. ஆடுதான் காட்டை அழிக்கிறது என்று இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

மேச்சேரி, ஆடு வளர்ப்பவர்: எங்க ஆடு தின்னுதான் காடு போச்சா? உண்ணிச்செடி மண்டிக் கிடக்குதே, அதை எந்த ஆடு நட்டுச்சு?

இயற்கை ஆர்வலர்: நீங்க மேய்க்கிற மேய்ச்சலில் மற்ற செடி போனதால்தான் உண்ணி வந்தது, அண்ணா.

மேச்சேரி: காட்டுக்குத் தீ வெச்சவனைக் கேளுங்க முதல்ல.

பதில்: இருவரும் பொறுங்கள். இந்த எச்சரிக்கையைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது: ஒரு வரைபடத்தைப் பயன்படுத்தும் முன், அதை எதிலிருந்து செய்தார்கள் என்று படியுங்கள்.

எஃப்ஏஓ கட்டவரைபடத்தில் இரண்டு வடிவம் உண்டு. ஒன்றில் கணக்கெடுப்பு எண்ணை ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணினிக் கற்றல் முறை கொண்டு கட்டங்களுக்குப் பங்கிடுகிறார்கள். பங்கிட எதைப் பார்க்கிறது? தாவரக் குறியீடு, மழை, சரிவு, மக்கள்தொகை, நகரத்துக்குப் போகும் நேரம். பச்சையைப் பார்த்து வைத்த ஆட்டைக் கொண்டுபோய் மறுபடி பச்சையோடு ஒப்பிட்டால் அவர்கள் உள்ளே போட்டது வெளியே வரும், அவ்வளவுதான். முதல் பதிலில் என்டிவிஐ சேர்க்காதே என்றதும் இதற்காகவே. இரண்டாவது வடிவம் நிர்வாக அலகு முழுக்கச் சமமாகப் பரப்பியது. அதில் சுற்றிவளைப்பு இல்லை, ஆனால் அலகுக்குள் வேறுபாடே கிடையாது என்பதால் உங்கள் கேள்விக்குப் பதிலும் இல்லை. அளவையும் பாருங்கள்: ஒரு கட்டம் 5 பாகை நிமிடம், நம் அட்சரேகையில் பக்கத்துக்கு 9 கிலோமீட்டர் சொச்சம். சேர்வராயன் முழுவதும் சில கட்டங்களில் முடிந்துவிடும். அதில் எந்தச் சரிவில் ஆடு மேய்ந்தது என்று தேடுவது வீண்.

இன்னொரு சிக்கல். ஊருக்குப் பக்கத்துக் காடு மெலிந்திருக்கும். அங்கேதான் ஆடும் இருக்கும், விறகு வெட்டும் இருக்கும், மார்ச் ஏப்ரல் தீயும் பாதையும் இருக்கும். ஊரிலிருந்து தூரம் என்ற ஒன்று இவை எல்லாவற்றையும் சேர்த்து இழுக்கிறது. தூரம் சமமாக இருந்து ஆடு மட்டும் மாறும் இடங்களை ஒப்பிடாதவரை ஆட்டின் பங்கு தனியாகத் தெரியாது.

மேச்சேரிக்காரருக்கும் ஒன்று. உண்ணிச்செடி விஷம், ஆடு மாடு அதை ஒதுக்கிவிட்டுச் சுற்றியுள்ளதைத் தின்னும்போது உண்ணிக்கு இடம் கிடைப்பது உண்மைதான். சீமைக்கருவேலக் காயைத் தின்று சாணத்தில் விதைப்பதும் கால்நடைதான். ஆனால் தீக்குப் பிறகும் உண்ணி மண்டும், நீங்கள் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது.

இயற்கை ஆர்வலர்: அப்போ நிரூபிக்கவே முடியாதா?

பதில்: முடியும், வேலியடைத்துத்தான். 10-க்கு 10 மீட்டர் வேலி, பக்கத்திலேயே அதே சரிவில் அதே மண்ணில் வேலியில்லாத இன்னொரு 10-க்கு 10. வேலி 5 அடி உயரம், கண்ணி சிறிது. 4 அடியை வெள்ளாடு தாண்டும், அகலக் கண்ணியில் குட்டி நுழையும். ஒரு மீட்டருக்குக் கீழான நாற்றுகளை இனம்வாரியாக எண்ணி, குறைந்தது இரண்டு மழைக்காலம் கழித்து மறுபடி எண்ணுங்கள். கவிகை மூடிய காட்டில் ஆடு தின்பது கீழ்மட்டத்தை. சாட்டிலைட் பார்ப்பது மேல்மட்டத்தை. என்டிவிஐ 0.8-இல் அசையாமல் நிற்க, அடியில் ஒரு நாற்றுகூட மிஞ்சாமல் போகலாம். அதற்கு நேர்மாறாகவும் நடக்கும்.

மேச்சேரி: வேலி போட்டா எங்க வழித்தடத்துல போடாதீங்க.

பதில்: நியாயம். வழித்தடத்தில் போட்டால் அளவும் கெட்டுப்போகும்.

சின்னத்திருப்பதி: என் காட்டு வகைப்பாடு 97 சதவீதம் துல்லியம், சார்!

பதில்: இது இன்ன வகை என்று கணினிக்குக் காட்ட நீங்கள் வரைந்த பயிற்சிப் பலகோணத்துக்குள் இருந்த புள்ளிகளையே குலுக்கிப் பாதியைச் சோதனைக்கு எடுத்திருப்பீர்கள். அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றையொன்று பார்த்து எழுதியவை. பலகோணத்தையே முழுதாக ஒதுக்கி வையுங்கள். முடிந்தால் கிழக்குச் சரிவில் பயிற்சி, மேற்குச் சரிவில் சோதனை. வரும் எண் மனதை நோகடிக்கும், ஆனால் அதுதான் எண்.

மாமாங்கம்: எங்கள் பகுதியில் வருஷம் பூரா மேகம் என்று காட்டுகிறதே?

பதில்: வெள்ளைக்கல் சுரங்கக் குவியல். பளிச்சென்ற வெள்ளையை மேகவடிகட்டி மேகம் என்கிறது. எல்லாத் தேதியிலும் அசையாமல் ஒரே இடத்தில் நிற்பது மேகமல்ல. அந்தப் பகுதியைக் கையால் வரைந்து விலக்குங்கள்.

வாழப்பாடி: ஆட்டுக்குக் கழிச்சல் நிற்கவில்லை, என்ன மருந்து?

பதில்: கால்நடை மருத்துவ உதவி எண் 1962-க்கு அழையுங்கள், உடனே.

எடப்பாடி: சார், கூகுள் மேப்பில் ஆடு

பதில்: தெரியாது.

கருப்பூர், ஆய்வு மாணவி: மேய்ச்சல் எடையைக் களத்தில் சரிபார்க்க ஆட்டுக்கு மாட்டும் ஜிபிஎஸ் கழுத்துப்பட்டை வாங்கக் காசில்லை. வேறு வழி?

பதில்: புழுக்கையும் சாணமும் எண்ணுங்கள். 50 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலத்தில் பட்டை; வரைபடத்தில் அதிகம், நடுத்தரம், குறைவு என்று வந்த மூன்று வகையிலும் சம எண்ணிக்கையில். ஆட்டுப் புழுக்கையைக் குவியலாக எண்ணவும், உதிரியாக அல்ல. பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் முடித்துவிடுங்கள். மழை விழுந்தால் கரையும், வண்டும் உருட்டிக்கொண்டு போய்விடும். பழைய பட்டி இருந்த இடமும் கிடை போட்ட இடமும் பட்டைக்குள் வந்தால் அந்தப் பட்டையை விட்டுவிடுங்கள், அது மேய்ந்த கணக்கு இல்லை. போன் ஜிபிஎஸ் மரத்தடியில் 10 மீட்டருக்கு மேலும் விலகும், ஆகவே பட்டையின் இரண்டு முனையிலும் நின்று பதிவு செய்யுங்கள். காப்புக்காட்டுக்குள் போக வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்கி, நகலைப் பையில் வைத்திருங்கள்.