குழந்தையைப் படமெடுக்க 35 எம்எம் லென்ஸ் வாங்கலாமா, 50 வாங்கலாமா?

கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு, கையில் நிக்கான் டி5600 கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், அடுத்த மாதம் குழந்தை. கூடுதலாக ஒரே ஒரு லென்ஸ் வாங்கினால் எதை என்று கேட்டிருக்கிறீர்கள். 35 எம்எம் எஃப்/1.8 வாங்குங்கள். எம்எம் எண் ஏற ஏறப் படத்தில் விழும் அகலம் குறையும்; எஃப் எண் குறையக் குறைய வெளிச்சம் கூடுதலாக உள்ளே வரும். நான் 50 வாங்கி மாட்டிக்கொண்டவன்.

எனக்கும் எல்லாரும் 50ஐத்தான் கைகாட்டினார்கள். மகள் பிறந்த முப்பதாம் நாள் வீட்டில் சாமி கும்பிட்டோம். மனைவி மடியில் குழந்தை, இரண்டு பக்கமும் பாட்டிமார், மூவரும் ஒரே சோபாவில். அத்தனை பேரையும் படத்துக்குள் அடக்கப் பின்னாலேயே போய்ப் போய், கடைசியில் சமையற்கட்டு வாசலில் இருந்த அரிசி டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அப்போதும் அம்மாவின் தோளில் பாதி வரவில்லை. "என்னை மட்டும் ஏன்யா வெட்டுன" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறார்.

உங்கள் கேமராவுக்குள் படம் பதியும் தகடான சென்சார் சின்னது. 50 போட்டால் பெரிய சென்சாரில் 75 போட்ட கணக்கு. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றாலும் 70 சென்டிமீட்டர் அகலம்தான் விழும். 35இல் அதே இடத்திலிருந்து ஒரு மீட்டர். நம் ஹாலில் அதற்குமேல் பின்னால் போனால் சுவர்தான். கிட்டே போவதிலும் அதே கதை. 50 எஃப்/1.8ஜி 45 சென்டிமீட்டருக்குள் போகஸ் ஆகாது, 35 முப்பது வரை வரும். ஒரு கையில் பிள்ளையை ஏந்திக்கொண்டு மறு கையால் அதன் காது மடலை எடுக்க அந்த 15 சென்டிமீட்டர் பெரிய விஷயம்.

18-55 போதாதா? பகலில் ஜன்னலோரம் போதும். விளக்கு போட்டபின் திணறும். 55க்கு இழுத்தால் அது எஃப்/5.6, எஃப்/1.8இல் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். அதில் ஆட்டத்தைக் குறைக்கும் விஆர் வசதி இருக்கிறதே என்பார்கள். அது உங்கள் கை நடுக்கத்துக்கு; பிள்ளை உதைக்கிற காலை அது நிறுத்தாது. முழித்திருக்கும்போது ஷட்டர் வேகத்தை 1/250 வினாடிக்குக் கீழே இறக்காதீர்கள். வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓ 3200 போனால் போகட்டும், படத்தில் கொஞ்சம் மணல் தூவினதுபோல் இருக்கும், அவ்வளவுதான்.

அதற்காக எந்நேரமும் 1.8இலேயே வைக்காதீர்கள். 60 சென்டிமீட்டர் தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் சுமார் இரண்டு சென்டிமீட்டர்தான். ஒரு கண் பளிச்சென்று இருக்கும், இன்னொன்று கலங்கியிருக்கும். 2.8 வைத்தால் நிம்மதி. ஸ்பிரிங் தொட்டிலில் எடுப்பதாக இருந்தால் இன்னும் கவனம். சேலைக்குள்ளிருந்து முகம் மேலும் கீழும் வந்து போகும், போகஸ் அதன் பின்னால் ஓடும். தொட்டில் மேலே ஏறி, இறங்கும் முன் ஒரு கணம் நிற்கும் பாருங்கள், அங்கே அழுத்த வேண்டும். பத்தில் மூன்று தேறினால் நீங்கள் கெட்டிக்காரர்.

பழைய லென்ஸ் வாங்குவதென்றால் இரண்டு எச்சரிக்கை. விலை குறைவென்று 'டி' வகையை எடுத்துவிடாதீர்கள். அதிலும் உங்கள் கேமராவிலும் போகஸ் மோட்டார் கிடையாது, கையால்தான் திருக வேண்டும். புரளப் பழகிய பிள்ளையை வைத்துக்கொண்டு அது நடக்காது. மோட்டார் உள்ளதற்கு அடையாளமாக 'ஏஎஃப்-எஸ்' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். பிறகு, கைபேசி விளக்கை ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலைபோல் இழை தெரிந்தால் பூஞ்சை, வைத்துவிட்டு வாருங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நல்ல லென்ஸிலும் அது பிடிக்கும், ஈரம் அண்டாமல் லென்ஸை வைக்கும் டிரை பாக்ஸுக்கும் சில வெள்ளி ஒதுக்குங்கள்.

18-55ஐ விற்றுவிடாதீர்கள். பத்துமலையில் முடி இறக்கும் நாளுக்கு அதுதான். வெயிலுக்குப் பஞ்சமில்லை, கூட்டத்தில் நின்ற இடத்திலிருந்தே ஜூமைத் திருப்பி, கத்தி பட்டதும் வீறிடுகிற அந்த முகத்தையும் பிடிக்கலாம், அணைத்துப் பிடித்திருக்கும் தாய்மாமனையும் சேர்த்துப் பிடிக்கலாம்.