கொதிக்க வச்சா ஆர்சனிக் போகுமா டாக்டர்?

கொல்கத்தா கரியா பக்கம் அபார்ட்மென்ட்ல மூணு வருஷமா இருக்கோம், போர் தண்ணி தான், இந்த வெயில்ல மோட்டார இன்னும் கீழ இறக்கிட்டாங்க, தண்ணில ஆர்சனிக்ங்கிற விஷம் இருக்கும்னு பயமுறுத்துறாங்க, 20 நிமிஷம் கொதிக்க வச்சு தான் குடிக்கிறோம் போதுமா, கை வேற சொரசொரன்னு இருக்குன்னு ஒரு சகோதரி கேட்டிருக்காங்க.

போதாதும்மா. கொதிக்க வச்சா கிருமி சாகும், ஆர்சனிக் எங்கயும் போகாது, ரசம் சுண்டுனா உப்பு ஏறுமே அந்த மாதிரி தண்ணி சுண்ட சுண்ட அதோட அளவு கூடத்தான் செய்யும். நிறம், ருசி, வாசனை எதுலயும் தெரியாது, கண்ணாடி மாதிரி தண்ணி வருதேன்னு நம்பாதீங்க.

வங்காளத்துல இது பழைய கதை. 1983லயே கொல்கத்தா ஸ்கூல் ஆஃப் டிராபிகல் மெடிசின்ல தோல் டாக்டர் கே.சி.சாஹா கிராமத்து ஜனங்களோட தோல பாத்து கண்டுபிடிச்சாரு. ஃபேக்டரி கழிவு காரணம் இல்ல, கங்கை கொண்டு வந்து போட்ட வண்டல்லயே ஆர்சனிக் இருக்கு, ஆக்சிஜன் இல்லாத ஆழத்துல அது தண்ணில கலந்துடுது. ஊர் வளந்து பில்டிங்குக்கு ஒரு போர்னு உறிஞ்சினா நல்ல தண்ணி இருக்குற லேயருக்கும் கெட்டது நகந்து வரலாம், வியட்நாம்ல ஹனோய் பக்கம் அப்படித்தான் ஆச்சு. கலிஃபோர்னியால வறட்சி வந்தப்போ அளவுக்கு மீறி உறிஞ்சி, களிமண் அமுங்கி அதுல இருந்த ஆர்சனிக் வெளிய வந்துச்சு.

உங்க போர்ல இருக்கா இல்லையான்னு நான் இங்க இருந்து சொல்ல முடியாது, லேப்ல குடுத்து பாருங்க, லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் தான் லிமிட். அதுவரைக்கும் குடிக்க, சமைக்க (சோறு வடிக்கவும் தான், அரிசி நல்லா இழுத்துக்கும்) கார்ப்பரேஷன் குழாய்ல வர்ற ஹூக்ளி ஆத்துத் தண்ணி கிடைச்சா அத யூஸ் பண்ணுங்க. குளிக்க, துவைக்க போர் தண்ணி பரவால்ல. யூவி ஃபில்டர் இதுக்கு வேஸ்ட், ஆர்ஓ குறைக்கும், ஆனா ஃபில்டர் ஆன தண்ணியையும் டெஸ்ட் பண்ணாம நம்பக்கூடாது.

கை விஷயம், ஆர்சனிக்னா உள்ளங்கை உள்ளங்கால்ல குட்டி குட்டியா தடிப்பு வரும், உடம்புல மழைத்துளி மாதிரி புள்ளி விழும், பொதுவா அஞ்சு வருஷமாவது ஆகும். உங்களுக்கு பாத்திரம் கழுவுற சோப்பா கூட இருக்கலாம், ஆனாலும் தோல் டாக்டர்கிட்ட நேர்ல காட்டுங்க. அவர் யூரின் ஆர்சனிக் டெஸ்ட் எழுதினா கடல் மீன், எறா எல்லாம் நாலஞ்சு நாள் நிறுத்திட்டு குடுங்க, கொல்கத்தால கஷ்டம் தான், ஆனா அதுல இருக்குற ஆபத்தில்லாத ஆர்சனிக்கே ரிசல்ட்ட ஏத்திக் காட்டிடும்.